பதினைந்து ஆண்டு விசுவாசம்

அந்தக் கட்டடத்தில் நாற்பத்தெட்டு வீடுகள். மூன்றாவது மாடியில் படிக்கட்டுக்கு இடப்பக்கத்து வீட்டில் இருப்பவளை எல்லோரும் கைக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். அவளுடைய பிழைப்பே கைதான். காது கேளாதவர்களுக்கும், காது நன்றாக இருந்தும் எதையும் காதில் போட்டுக்கொள்ளாதவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து, பேச்சைக் கையாகவும் கையைப் பேச்சாகவும் மாற்றித் தருகிற வேலை. இரண்டாவது வகையினரில் டாக்டர்கள், வங்கி மேலாளர்கள், காவல் நிலைய எழுத்தர்கள் என்று படித்தவர்களே அதிகம்.

அவளுடைய அம்மா, அப்பா இருவருக்குமே காது கேட்காது. அதனால் நாக்கு புரள்வதற்கு முன்பே அவளுக்குக் கை புரண்டுவிட்டது. ஆறு வயதில் வீட்டுச் சொந்தக்காரரோடு அப்பாவுக்காகச் சண்டை போட்டவள் அவள். சொந்தக்காரர் திட்டிய திட்டைக் கையால் சொல்லும்போது, பாவம் அப்பா என்று கொஞ்சம் தண்ணீர் கலந்து சொன்னாள். அப்பா லேசுப்பட்டவரா? எதிரே நிற்பவன் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கிறது, மகளின் கை மட்டும் குழந்தையைத் தாலாட்டுவதுபோல அசைகிறது. கண்டுபிடித்துவிட்டார். "அவன் சொன்னதை அப்படியே சொல்லு. எனக்கு எது வலிக்கும்னு நீ முடிவு பண்ணாத" என்று கையாலேயே அதட்டினார். அன்றோடு அவள் தண்ணீர் கலப்பதை விட்டுவிட்டாள். இப்போது வயது நாற்பத்தொன்பது. இதுவரை ஒரு சொல்லைக் கூட்டியதில்லை, ஒரு சொல்லைக் குறைத்ததில்லை.

இந்தத் தொழிலில் இன்னொரு விதி உண்டு. எதிரே இருப்பவர் தனக்கு வயிறு வலிக்கிறது என்று கையால் சொன்னால், "அவருக்கு வயிறு வலிக்குதாம்" என்று இவள் சொல்லக் கூடாது. "எனக்கு வயிறு வலிக்குது" என்றே சொல்ல வேண்டும். பேசுகிறவர் அவர், இவள் வெறும் குரல். அப்படி ஒரே நாளில் எட்டு மாதக் கர்ப்பிணியாக, கருவி திருடு போன தச்சராக, மனைவியை அடித்துவிட்டு அடிக்கவே இல்லை என்று சாதிக்கிற கணவனாக, மாறி மாறி 'நான், நான்' என்று சொல்லியிருக்கிறாள். அந்த நான்களில் ஒன்றுகூட அவளுடையது இல்லை.

முன்பெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் நேரில் ஓடுவாள். இப்போது எல்லாம் வீடியோவில் நடக்கிறது. பின்னறையில் சுவரெல்லாம் மறைய ஒரு சாம்பல் நிறப் போர்வை. முகத்துக்கு இரண்டு பக்கமும் விளக்கு. கை பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகக் கறுப்பு முழுக்கைச் சட்டை. வளையல், மோதிரம், கடிகாரம் எதுவும் கிடையாது. சைகை மொழிபெயர்ப்பு மையம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து அழைப்பு வரும். இவள் திரையில் தோன்றுவாள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை இதுதான்.

இதில் ஒரு வில்லங்கம். கேபிள் இணைப்பில் படம் வீட்டுக்குள் வரும்போது ராஜபாட்டையில் வருகிறது. வீட்டிலிருந்து வெளியே போகும்போது சந்துக்குள் நுழைகிறது. கேபிள் நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் என்றால் பார்க்கிறவர். அவரிடமிருந்து உலகத்துக்குச் சொல்ல ஏதாவது இருக்கும் என்ற எண்ணமே அவர்களுக்குத் தோன்றியதில்லை. அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் இணையத்தைத் திறந்தால் இவளுடைய கை திரையில் குழம்பாகிவிடும். விரல் ஐந்தா ஏழா என்று எண்ண முடியாது.

ஒரு நாள் மாலை நாலரை மணிக்கு அதுதான் நடந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு தையல்காரப் பெண், காது கேளாதவர். பழைய மாத்திரையை இன்றோடு நிறுத்திவிட்டுப் புதிய மாத்திரையைத் தொடங்குங்கள் என்றார் டாக்டர். இவள் கையால் சொன்னாள். படம் உறைந்தது. மறுபடி உயிர் வந்தபோது பாதி வாக்கியம்தான் அந்தப் பெண்ணுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. புதியது மட்டும் தெரிந்தது, நிறுத்துவது தெரியவில்லை. டாக்டரோ அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாயிற்று. அந்தப் பெண் இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டு, மூன்றாம் நாள் தலைசுற்றித் தையல் இயந்திரத்தின் மேலேயே சாய்ந்துவிட்டார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

மையத்திலிருந்து ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டார். "மேடம், உங்க கையை நாங்க குறை சொல்லல. உங்க லைனைத்தான் சொல்றோம். ரெண்டு வாரத்துல நல்ல லைன் போட்டுட்டு டெஸ்ட் குடுங்க. இல்லன்னா பட்டியல்லேர்ந்து எடுக்கற மாதிரி ஆயிடும். மேலேர்ந்து சொல்லிட்டாங்க."

ஃபைபர் இணைப்பு போட்டால் தீர்ந்தது. போகிற பாதையும் வருகிற பாதையும் ஒரே அகலம். மறுநாளே ஃபைபர்காரர் வந்து பார்த்தார். ஐம்பது வயதுக்காரர், தோளில் பை, காதில் பென்சில். சுவரைத் தட்டினார், பெட்டியைத் திறந்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"அம்மா, கீழேர்ந்து உங்க வீட்டுக்கு வர்ற பைப் ஒண்ணுதான். அதுல கேபிள் கம்பி அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. அது போனாத்தான் என்னோடது நுழையும்."

"வெளிச் சுவத்துல போடுங்களேன்."

"உங்க சங்கச் செயலாளர்கிட்ட கேட்டுட்டேன். புதுசா பெயின்ட் அடிச்சிருக்காம். கட்டடத்தோட அழகு கெட்டுடுமாம்."

ஆக, பழைய கம்பியை எடுக்க வேண்டும். கம்பி கேபிள் நிறுவனத்தின் சொத்து. கணக்கை மூடினால் அவர்களே வந்து எடுப்பார்கள். கைக்காரம்மா போன் போட்டாள். இருபது நிமிடம் இசை கேட்ட பிறகு 'தக்கவைப்புப் பிரிவு' என்று, போகிறவர்களைப் பிடித்து நிறுத்துகிற ஒரு பிரிவிலிருந்து தேன் ஒழுகும் குரல் ஒன்று வந்தது.

"கணக்கை மூடணுமாங்க மேடம்? என்ன குறை வச்சோம் நாங்க? மூணு மாசம் சினிமா சேனல் இலவசமாத் தர்றேன்."

"சினிமா வேண்டாங்க. கம்பியை எடுத்தாப் போதும்."

"சரிங்க மேடம். சாரைப் பேசச் சொல்லுங்க."

"எந்த சார்?"

"கணக்கு சார் பேர்லதானே இருக்கு!"

அந்த சாரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சார் இந்த வீட்டில் நான்கு வருடம் குடித்தனம் செய்தார். வந்த ஒரு வாரத்தில் செய்த முதல் நற்காரியம் கேபிள் இணைப்பு வாங்கியது. எப்போது பார்த்தாலும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். காது கேளாதவர்கள் பழகுகிற ஒவ்வொருவருக்கும் கையாலேயே ஒரு பெயர் வைப்பார்கள். கைக்காரம்மாவின் அம்மா மாப்பிள்ளைக்கு வைத்த பெயர், மணிக்கட்டை இரண்டு தட்டு. கிழவிக்குக் காது கேட்காதே தவிர, கண் பொல்லாத கண். நாலாம் வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, குடை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சார் வெளியே போனார். குடையும் திரும்பவில்லை. பதினோரு வருடமாகிறது. விவாகரத்து வழக்கில் கோர்ட் மூன்று முறை அனுப்பிய நோட்டீஸ், ஆள் இந்த முகவரியில் இல்லை என்று திரும்பி வந்தது. கடைசியில் கோர்ட்டே சலித்துப் போய்த் தீர்ப்பு எழுதி முடித்தது.

இதையெல்லாம் கைக்காரம்மா போனில் சுருக்கமாகச் சொன்னாள்.

"அப்ப நீங்க முன்னாள் மனைவியா மேடம்? அப்படின்னா இந்தக் கணக்குக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லையே."

"பதினோரு வருஷமா மாசாமாசம் கட்டறது நான்தாங்க."

"யார் கட்டினாலும் சார் கட்டினதாத்தான் மேடம் எங்க சிஸ்டம்ல விழும்."

"அவர் இந்த முகவரியில இல்லன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு. தீர்ப்பு இருக்கு, அனுப்பட்டுமா?"

"அது கோர்ட்டோட தகவல் மேடம். எங்க தகவல்படி சார் அங்கதான் இருக்கார். போன மாசம்கூட மொத்தம் நூத்திப் பத்து மணி நேரம் டிவி பார்த்திருக்கார்."

"நான் கட்டறதை நிறுத்திட்டா?"

"தொண்ணூறு நாள் பொறுத்துப் பார்ப்போம். அப்புறம் சாருக்கு நோட்டீஸ் அனுப்புவோம். சார் பதில் போடலன்னா நினைவூட்டல் அனுப்புவோம்."

அவளுக்கு இருந்தது பன்னிரண்டு நாள்.

நூற்றுப் பத்து மணி நேரம் டிவி பார்த்தது மாமியார். ஆமாம், மகன் போய்விட்டான், விவாகரத்தும் ஆகிவிட்டது, மாமியார் மட்டும் மருமகளோடேயே இருந்துவிட்டார். போக இடமில்லை என்பது ஒரு காரணம். கைக்காரம்மா போகச் சொல்லவே இல்லை என்பது இன்னொன்று. காலையில் ஒருவர் வீட்டைக் கூட்டினால் இன்னொருவர் சமைப்பார். நாள் முழுக்க முன்னறையில் தொடர்கள் ஓடும், பின்னறையில் கை ஓடும். சண்டை வந்தால் டிவியின் சத்தத்தைப் பற்றித்தான் வரும்.

கணக்கை மூடும் பேச்சைக் கேட்டதும் மாமியார் முகம் சுண்டிப் போயிற்று.

"அவன் வாங்கிப் போட்டது இந்த வீட்ல இது ஒண்ணுதான் மிச்சம். அதையும் பிடுங்கணுமா?"

"டிவி போகாது அத்தை. புது லைன்லயும் எல்லாத் தொடரும் வரும். இன்னும் தெளிவா வரும்."

"தொடர் யாருக்கு வேணும்? மாசம் பொறந்தா ஒரு பில் வருது. அதுல அவன் பேர் இருக்கு. இந்த உலகத்துல அவன் பேர் போட்டு வர்ற காகிதம் அது ஒண்ணுதாம்மா."

மகன் பெயர் அச்சடித்து வருகிற அந்தக் காகிதத்தை மாமியார் மடிப்புக் கலையாமல் எடுத்து வைப்பதைக் கைக்காரம்மா பார்த்திருக்கிறாள். ஒரு தாயின் நப்பாசைக்கு மாதாமாதம் தீனி போட்டு வந்தது ஒரு கம்ப்யூட்டர். அதற்குத் தெரியுமா அது செய்கிற புண்ணியம்!

ஐந்தாம் நாள் கடிகாரக்காரர் வீடியோவில் வந்தார். வங்கி மாடிப்படிக்கு அடியில் கடிகாரம் பழுது பார்க்கிறவர், காது கேளாதவர், அப்பாவின் பழைய நண்பர். விஷயம் தெரிந்ததும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கையால் பேச ஆரம்பித்தார்.

"இதுக்கா இத்தனை கலவரம்? காது கேளாதவங்களுக்குன்னு அந்தக் கம்பெனியில தனி வீடியோ லைன் இருக்கு. நான் உன் வீட்டுக்காரனா வந்து உக்கார்றேன். நீ குரல் குடு. நீ 'நான்தான் கணக்குதாரர்'னு சொன்னா, அவங்க அதை நான் சொன்னதா எடுத்துக்கணும். உங்க விதிதானே?"

"அண்ணா, அவருக்குக் காது நல்லாக் கேட்கும்."

"நீ கூப்பிட்டப்பல்லாம் கேட்டுச்சா?"

கைக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அவங்களுக்கு உன் வீட்டுக்காரன் வேண்டாம்மா. ஒரு ஆம்பளை முகம் வேணும். என்கிட்ட ஒண்ணு இருக்கு. கொஞ்சம் பழசு, ஆனா ஓடும்."

திட்டத்தில் ஓட்டையே இல்லை. விதிகள் மொத்தமும் அவள் பக்கம் இருந்தன. அன்றைய அழைப்புகள் முடிந்ததும் திரையை அணைத்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். கம்பெனி சொல்கிற பொய்க்குப் பதிலுக்கு ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆனால் நாளைக்கு ஒரு டாக்டர், ஒரு நீதிபதி இவளுடைய குரலைக் கேட்கும்போது, இது நிஜமாகவே எதிரே இருப்பவர் பேச்சுதானா என்று ஒரு நொடி யோசித்தால்? காது கேளாதவர்களுக்கு இருக்கிற ஒரே வாசலில் அவளே மண்ணைப் போட்டதாகும். கடிகாரக்காரருக்குச் சேதி அனுப்பினாள்: வேண்டாம் அண்ணா. அவர் பதிலுக்கு, 'உன் அப்பன் உன்னைக் கெடுத்துட்டான்' என்று எழுதினார்.

எட்டாம் நாள் கேபிள் நிறுவனத்திலிருந்து தங்க விளிம்பு போட்ட கடிதம் வந்தது, சார் பெயருக்கு. பதினைந்து ஆண்டு இடைவிடாத விசுவாசத்துக்காக அவரைக் கௌரவிக்கிறார்களாம். நேரில் வர முடியாதவர்கள் சார்பில் ரத்த உறவு ஒருவர் வந்தால் போதும்.

மாமியார் நல்ல புடவையாக எடுத்துக் கட்டினார். தலையை இரண்டு முறை வாரினார். அலமாரியிலிருந்து செருப்பை எடுத்துத் துடைத்தார். "நீயும் வா. பஸ் ஏறத் துணை வேணும்" என்றார். போனால் நேரிலாவது ஒரு மனிதனைப் பிடித்துப் பேசலாம் என்று கைக்காரம்மாவும் கிளம்பினாள்.

அலுவலகத்தின் பின் கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். மேடையில் கண்ணாடிப் பட்டயங்கள். மேலாளர் கழுத்தில் அடையாள அட்டை, கையில் மைக். கௌரவிக்கப்படுவோர் ஆறு பேர். அவர்களில் ஒருவர் இறந்து மூன்று வருடமாகிறது என்று அவருடைய மகன் பக்கத்து நாற்காலிக்காரரிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் வீட்டிலும் பேர் மாற்ற முடியவில்லையாம். செத்தவர்களும் ஓடிப்போனவர்களும்தான் அந்த நிறுவனத்தின் தூண்கள் போலிருக்கிறது.

சாரின் முறை வந்தது. மேலாளர் குழைந்தார்.

"இந்தக் காலத்துல எல்லாரும் புதுசைத் தேடி ஓடறாங்க. இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. பக்கத்துல ஒருத்தன் கூப்பிட்டா விட்டுட்டுப் போயிடறாங்க. ஆனா இவர்? பதினஞ்சு வருஷம்! ஒரு நாள்கூட நம்மளை விட்டுப் போகணும்னு நினைக்காத மனுஷர். இப்படி ஒரு பிள்ளையைப் பெத்த அம்மாவை நாம கைதட்டி வரவேற்கணும்."

கை தட்டினார்கள். மாமியார் மேடை ஏறினார். பட்டயத்தைக் கையில் வாங்கினார். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். மாமியாருக்குச் சிரிப்பு வரவில்லை. மேலாளரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பணம் கட்டினது இவன் இல்லைங்க. அதோ உக்காந்திருக்காளே, அவ."

மேலாளர் மைக்கைச் சற்றே தள்ளிப் பிடித்தார். "குடும்பத்துல யார் கட்டினா என்னம்மா? பேர் சாரோடதுதானே?"

"அவ கணக்கை மூடணும்ங்கறா. நான் பெத்தவ, நான் சொல்றேன். மூடிக் குடுங்க."

கைக்காரம்மா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். பில்லைத் தடவித் தடவி வைத்துக்கொள்கிறவரா இதைச் சொல்வது?

"அதுக்கு சாரே நேர்ல வரணும்மா" என்றார் மேலாளர்.

"இதை வாங்க நான் போதும். அதை மூட நான் பத்தாதா?"

"பரிசுக்கு ரத்த உறவு போதும்மா. மூடறதுக்கு விதி வேற. ஏம்மா, இத்தனை விசுவாசமா இருக்கற மனுஷர் கணக்கை மூடணும்னு நீங்க ஏன் நினைக்கறீங்க? சாருக்குத் தெரிஞ்சா வருத்தப்பட மாட்டாரா?"

மாமியார் மேடையை விட்டு இறங்கிவிட்டார். வீட்டுக்கு வந்து புடவை மாற்றி, தண்ணீர் குடித்தார்.

"பதினோரு வருஷமா நானும் இதைத்தானே சொல்லிக்கிட்டிருந்தேன், போகணும்னு நினைக்கற பிள்ளை இல்லன்னு. வேற ஒருத்தன் வாயால கேக்கறப்பத்தான் எவ்வளவு அசிங்கமா இருக்குன்னு தெரியுது." பிறகு திரும்பிப் பார்த்தார். "அந்த ஃபைபர்காரரை வரச் சொல்லு."

"அத்தை, பழைய கம்பியை இன்னும் எடுக்கலையே."

"நீ வரச் சொல்லு."

பதினோராம் நாள் காலை ஃபைபர்காரர் வந்தார். அடைத்துக்கொண்டு நின்ற கம்பியைப் பார்த்தார். "அம்மா, இது அடுத்த கம்பெனி சொத்து. நான் தொட்டா என் சோத்துல மண்ணு" என்றார். பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார். "நீங்க தொட்டா, நான் பார்க்கல." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, எதிர்வீட்டு மொட்டை மாடியில் காய்கிற போர்வைகளை மிகுந்த அக்கறையோடு ஆராயத் தொடங்கினார்.

கைக்காரம்மா சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்துக் கம்பியை நெரித்தாள். தோலில் பல் பட்டதோடு சரி. இன்னொரு முறை நெரித்தாள். கத்தரிக்கோல்தான் கோணிக்கொண்டது.

"இதெல்லாம் நூல் வெட்டறதும்மா. தள்ளு." மாமியார் ஃபைபர்காரரின் பையில் கையை விட்டார். "ஏம்ப்பா, இது என்னது?"

"கட்டிங் பிளேயர்மா." அவர் திரும்பவே இல்லை. "நான் எதையும் பார்க்கல."

மாமியார் கம்பியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தார். கைக்காரம்மா பிளேயரை வைத்து உடம்பின் பலமெல்லாம் கொடுத்து அழுத்தினாள். முன்னறையில் ஒரு தொடரின் மாப்பிள்ளை எதையோ ஒப்புக்கொள்ள வாயைத் திறந்தான். அப்படியே திரை நீலமாகிவிட்டது.

"வெட்டினது யாராயிருந்தாலும் நல்லா வெட்டியிருக்காங்க" என்று ஃபைபர்காரர் இந்தப் பக்கம் திரும்பினார். "இந்தக் கம்பியை உருவி எறிஞ்சுடாதீங்க. இதுதான் இப்ப என் கயிறு."

ஃபைபர் கம்பியின் நுனியைப் பழைய கம்பியின் வெட்டுப்பட்ட நுனியோடு சேர்த்து டேப் சுற்றினார். மேலே கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவினார். கைக்காரம்மாவை மேலேயே நிறுத்தி, புதுக் கம்பியை முறுக்காமல் மெதுவாக விடச் சொல்லிவிட்டுக் கீழே போய்ப் பழைய கம்பியை இழுத்தார். வளைவுகளில் சிக்கியது. "விடுங்கம்மா! ம்... நிறுத்துங்க! இப்ப விடுங்க!" என்று படிக்கட்டு முழுக்க அவர் குரல். பதினைந்து வருடம் சுவருக்குள் கிடந்த தடிக் கம்பி அழுக்கும் ஒட்டடையுமாகக் கீழே வெளியேற, அது போன வழியிலேயே நூல் தண்டிக்கு ஒரு கண்ணாடி இழை இறங்கியது. கைக்காரம்மாவின் விரல்களுக்குள் அது இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

இழையின் இரண்டு முனைகளையும் ஒட்ட வைக்க ஒரு சின்ன இயந்திரம். பெட்டியைச் சுவரில் திருக அரை மணி நேரம். சிவப்பு விளக்கு சிமிட்டி, சிமிட்டி, பச்சையானது.

மறுநாள் கடைசி நாள். ஒருங்கிணைப்பாளர் டெஸ்ட் எடுத்தார். விரலை மடக்கு, நீட்டு, வேகமாக, இன்னும் வேகமாக என்றார். இவள் நான்கு பக்கச் சாட்சி வாக்குமூலம் ஒன்றைக் கையால் சொல்லிக் காட்டினாள். ஒரு விரல்கூட மங்கவில்லை. "மேடம், உங்க நகத்துல வெள்ளைப் புள்ளி இருக்கறதுகூடத் தெரியுது. நாளையிலேர்ந்து ஆஸ்பத்திரி வேலை உங்களுக்குத்தான்" என்றார். அடுத்ததாகக் கடிகாரக்காரர் வந்தார். திரையில் அவளைப் பார்த்த மாத்திரத்தில் இரண்டு கையும் அந்தரத்தில் நின்றன. காது கேளாதவர்களுக்கு ஒளிவுமறைவு தெரியாது. "அடடா, இவ்வளவு நரையா உனக்கு? பழைய லைனே தேவலாம்போல!"

அதற்கு அவள் பதில் சொல்லத் தொடங்கும்போது போன் அடித்தது. கேபிள் நிறுவனம். பெட்டி உயிரிழந்துவிட்டது என்று அவர்களுடைய சிஸ்டம் சொல்லியிருக்கிறது. இந்த முறை தேன் இல்லை, புகார்ப் பிரிவு.

"எங்க கம்பி வெட்டப்பட்டிருக்குங்க. இது குற்றம். யார் வெட்டினது?"

"நான்தாங்க" என்றாள் கைக்காரம்மா. வேறு யாருக்காகவும் சொன்ன 'நான்' இல்லை அது. "நான்தான் வெட்டினேன். எழுதிக்குங்க."

"நீங்க யாரு?"

அவள் தன் பெயரைச் சொன்னாள்.

"அந்தப் பேர் கணக்குல இல்லைங்களே. உங்க பேர்ல நாங்க எப்படிப் பதிவு பண்றது?"

"வெட்டினவ சொல்றேனே, போதாதா?"

"அதெல்லாம் செல்லாதுங்க. அந்த முகவரியில எங்களுக்குத் தெரிஞ்ச ஒரே நபர் சார்தான். கணக்குதாரர் கம்பியை வெட்டினார்னுதான் சிஸ்டம் எடுத்துக்கும். நடவடிக்கை அவர் மேலதான். சாரைக் கூப்பிடுங்க."

பணம் கட்டினாள், நம்பவில்லை. தீர்ப்பைக் காட்டுகிறேன் என்றாள், நம்பவில்லை. குற்றத்தையே ஒப்புக்கொள்கிறாள், அதற்கும் இவள் லாயக்கில்லையாம்!

மாமியார் சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து போனை வாங்கினார்.

"ஏம்ப்பா, நான் அவன் அம்மா பேசறேன். நீங்க சொல்றதுதான் சரி. உங்க கணக்குப்படி இந்த வீட்ல அவன் ஒருத்தன்தானே இருக்கான்? அப்ப அவன்தான் வெட்டியிருக்கணும். கேஸ் போடுங்க. ஆள் விட்டுத் தேடுங்க. நல்லாத் தேடுங்க."

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் கேட்டது. "சாரை எங்க பார்க்கலாம்மா?"

"அது தெரிஞ்சா நான் உங்ககிட்ட ஏன் பேசிக்கிட்டிருக்கேன்? பிடிச்சீங்கன்னா எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கப்பா. நேர்ல பார்த்துப் பதினோரு வருஷம் ஆச்சு."

"சரிங்கம்மா. பதிவு பண்ணிக்கிட்டேன். வேற ஏதாவது உதவி வேணுமாம்மா?"

"வேண்டாம்" என்று மாமியார் போனை வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, புது ரிமோட்டை எடுத்து மருமகளிடம் நீட்டினார். "நேத்து தொடர்ல அந்த மாப்பிள்ளை என்ன ஒப்புக்கிட்டான்னு தெரியாமயே போச்சு. இதுல பழசைத் திரும்பப் பார்க்கலாம்னு ஃபைபர்காரர் சொன்னாரே, எந்தப் பட்டன்?"

பின்னறைத் திரையில் கடிகாரக்காரர் இன்னும் காத்துக்கொண்டிருந்தார். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று இரண்டு கையாலும் கேட்டுக்கொண்டே.